மாவு தொடாத பெண்கள்

"கொலைகாரி! வெளிய வாடி!"

"யாருய்யா கொலைகாரி? உன் பொண்டாட்டி வாய்க்குள்ள நானா கையை விட்டேன்? முட்டை தின்னு, மீன் தின்னுன்னு சொன்னேன். விஷம் தின்னுன்னா சொன்னேன்?"

"சேம்பு திங்காதே, ஈரப்பலா திங்காதே, வாழைக்காய் திங்காதேன்னு சொன்னது யாரு? மனுஷன் திங்கிறதெல்லாம் திங்காதேன்னு சொல்றவ மனுஷியா, பேயா?"

"பேய்னா உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கணும். என் வீட்டு வாசல்ல நிக்கிறது நீதான்!"

வெள்ளிக்கிழமை காலை. ஃபலேதோலு என்ற தீவுக் கிராமத்தில் பாதி ஊர் பெனினாவின் முற்றத்தில் நின்றது. மீதிப் பாதிக்கு முற்றத்தில் நிற்க வெட்கம், வேலியோரம் நின்றது. சுவரில்லாத வீடுகள் உள்ள ஊரில் சண்டைக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை.

கத்தியவர் திருச்சபை மூப்பர் இயோசேஃபா. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில்கூட அவர் குரல் இந்த உயரத்துக்குப் போனதில்லை. அவருடைய மனைவி லூபே, பாடகர் குழுவின் தலைவி, அன்று விடியற்காலை சமையல் கொட்டகைப் பக்கம் விழுந்து கிடந்தாள். நினைவில்லை. மூச்சு மட்டும், சுறா துரத்திக் கரையேறியவளைப் போல, ஆழமாகவும் வேகமாகவும் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் அழுகத் தொடங்கிய அன்னாசியின் வாடை. அந்த வாடையை முகர்ந்த இரண்டு கிழவிகள், சுனையில் தலை சீவும், கூந்தல் அவிழ்ந்த பெண்களைப் பிடிக்கும் ஆவியின் வாடை இதுதான் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டு, தங்கள் வீட்டுக் குமரிகளின் கூந்தலை இறுக்கி முடிந்தார்கள். லூபேயை லாரியில் ஏற்றி மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடவே போன மூப்பர், போன லாரியிலேயே ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார், சண்டை போட.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சார்ஜண்ட் மதலேனா உள்ளே வந்தாள்.

"மூப்பரே, குரலைக் குறைங்க. பெனினா, நீ உள்ள போ."

"எந்த உள்ளக்கா? நாலு பக்கமும் தொறந்து கெடக்கு!"

சிரிப்பு வந்தது. மதலேனா சிரிக்கவில்லை. காரணம் ஊருக்கே தெரியும்: பெனினாவின் மாவு தொடாத கூட்டத்தில் சார்ஜண்டும் ஒருத்தி. ஈஸ்டர் முடிந்ததிலிருந்து சேம்பையும் சோற்றையும் ரொட்டியையும் அவள் கண்ணால் மட்டுமே பார்த்துவந்தாள். சீருடையின் இடைவாரில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டதை நிலையத்தில் எல்லோரிடமும் காட்டியிருந்தாள். லூபே தின்ற அதே மீன், அதே முட்டை, அதே கீரை இப்போது இவள் வயிற்றிலும் இருந்தது. உள்ளங்கையை வாயருகே குவித்து ஊதி முகர்ந்து பார்த்தாள். லேசாக, மிக லேசாக, பழ வாடை.

பெனினா பிரிஸ்பேனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு, தகப்பனைப் புதைக்க ஊருக்கு வந்தவள், திரும்பிப் போகவில்லை. ஆளே பாதியாகி வந்திருந்தாள். எப்படி என்று கேட்ட பெண்களுக்கு, கொப்பரை நிறுக்கும் தராசில் மாதம் ஒருமுறை நிற்கவைத்துப் பாடம் நடத்தினாள். மாவும் சீனியும் உள்ளே போகாவிட்டால் உடம்பு தன் கொழுப்பையே விறகாக எடுத்து எரிக்கும் என்பாள். எரிகிற புகைதான் வாயில் வரும் பழ வாடை என்பாள். "மாத்திரையெல்லாம் சேம்பு திங்கிறவங்களுக்குத்தான்" என்றும் ஒருமுறை பெருமையடித்துக்கொண்டாள். லூபேக்குச் சீனி நோய். லூபே அதை உற்றுக் கேட்டுக்கொண்டாள்.

முற்றத்துக்கு வந்த ஊர்த் தலைவர் தௌலேலே தன் கைத்தடியைத் தரையில் ஊன்றினார்.

"நாளைக்கு ஊர்ச் சபை கூடும். லூபே விஷயத்துல நல்ல சேதி வரலேன்னா, சாயங்கால ஜெபத்துக்குச் சங்கு ஊதறதுக்குள்ள இந்த வீடு காலியாகணும். காலியாகலேன்னா..."

முடிக்கவில்லை. மூப்பரின் மருமகன்கள் இருவர் மண்ணெண்ணெய்த் தகரங்களோடு வேலிக்கு வெளியே நின்றது போதுமானதாக இருந்தது.

பெனினா முற்றத்து நடுவிலிருந்த தகப்பனின் வெள்ளைக் கல்லறையைப் பார்த்தாள். "அப்பாவைத் தோண்டித் தோள்ல போட்டுக்கிட்டா போவேன்?" என்று மெல்லக் கேட்டாள்.

வெள்ளி, மதியம். மாவட்ட ஆஸ்பத்திரி.

டாக்டர் ஃபலானிகோ சின்ன வயசுக்காரர். ஊரை இன்னும் பயந்துகொண்டே பார்க்கிறவர். அவருக்கு எதிரில் நர்ஸ் ஃபெதூ இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ரத்தத்துல அமிலம் ஏகமா இருக்கு, சார்ஜண்ட். சீனி நோய் முத்தினாலும் இப்படி ஆகும். ஆனா அப்ப சீனி முப்பது, நாப்பதுன்னு ஏறியிருக்கும். இவங்களுக்கு ஒன்பதுதான், மில்லிகிராம் கணக்குல நூத்தி அறுபது. அதனால சீனி இல்ல. ஏதோ குடிச்சிருக்காங்க. வண்டி ரேடியேட்டர்ல ஊத்தற திரவம், மரச் சாராயம், அப்படி ஏதாவது."

"அந்த டயட்டாலயே ஆகியிருக்கலாம்ல டாக்டர்?" என்றாள் ஃபெதூ. "நான் மொதல்லேயே சொன்னேன், கொழுப்பா தின்னா ஈரல் கெடும், நெஞ்சு அடைக்கும்னு."

"அதுக்கு ஆதாரம் ரெண்டு பக்கமும் இருக்கு, சிஸ்டர். பலருக்கு எடை குறையுது, சீனியும் குறையுது. பத்து வருஷம் தின்னா என்ன ஆகும்னுதான் சண்டை. ஆனா ஒழுங்கான உடம்புல அமிலம் ஒரு அளவுக்கு மேல ஏறாது. உடம்பே கடிவாளம் போட்டுக்கும்."

"கடிவாளம் அறுந்தா?" என்றாள் மதலேனா. காலையிலிருந்து தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தாள். தாகமும் ஓர் அறிகுறியோ என்று அதற்கும் பயந்தாள்.

டாக்டர் பதில் சொல்லுமுன் வாசலில் நிழல் விழுந்தது. மூப்பர். சண்டை முடிந்து, வேறு சட்டை மாற்றி வந்திருந்தார்.

"டாக்டர், சீனி எவ்வளவு?"

"ஒன்பது."

"ஒன்பதா? ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!" மூப்பர் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒன்பது! எங்கண்ணனுக்குக்கூட இந்த அளவுதான். ஆக்லாந்துல இருக்கான். அவனுக்கும் சீனிதான். குதிரை மாதிரி இருக்கான்."

"உங்க மனைவி இன்னும் கண்ணைத் தொறக்கலை, மூப்பரே," என்றாள் மதலேனா.

"தெரியும், தெரியும்." அவர் முகம் சட்டென்று மூடிக்கொண்டது.

"அவங்க என்னென்ன சாப்பிடுவாங்க?"

"பகல்ல அந்தப் பேய் வெச்சுக் குடுக்கிற மீன் சாறு. ராத்திரி ஒண்ணுமில்ல. காலையில கோக்கோ மட்டும் நான் போட்டுக் குடுப்பேன். சீனி இல்லாம. என் கையாலதான். வேற யாரையும் அடுப்பு கிட்ட விடமாட்டேன்."

"நல்ல புருஷன்," என்றாள் ஃபெதூ.

மதலேனாவும் அப்படித்தான் நினைத்தாள்.

வெள்ளி, மாலை. மூப்பரின் வீடு.

பக்கத்து வீட்டு எசேதா, கூப்பிடுமுன் வந்து நின்றாள். அவளுக்குக் கடவுள் காதுகள் இரண்டுதான் கொடுத்தார் என்பதை ஃபலேதோலுவில் யாரும் நம்புவதில்லை.

"சார்ஜண்டம்மா, ஒண்ணு சொல்றேன், நான் சொன்னதா சொல்லிராதீங்க. அந்த மீன் சாறை நானும் குடிச்சேன். அதே பானையிலேர்ந்து. எனக்கு ஏப்பம் தவிர ஒண்ணும் வரல."

"நீயும் டயட்டா?"

"சாறு மட்டும். கூடவே சேம்பும் தின்பேன். பெனினாகிட்ட சொல்லிராதீங்க."

"லூபேக்கும் புருஷனுக்கும் சண்டையா?"

"அதெல்லாம் இல்ல. தங்கமான மனுஷன். ஒரே குறை, விடியக்காலையில தூங்க விடமாட்டார். டொக்கு டொக்குன்னு கல்லுல இடிச்சுக்கிட்டு. கேட்டா கோக்கோ இடிக்கிறேன்பார். பொண்டாட்டிக்காக இடிக்கிற மனுஷனை என்னன்னு திட்டறது?"

மதலேனா சமையல் கொட்டகைக்குள் நுழைந்தாள். தாழ்வான கூரை, கரிப்பிடித்த கல்லடுப்பு. பலகையில் கோக்கோக் கட்டி, செங்கல்போல இறுகி, செய்தித்தாளில் பாதி சுற்றிக் கிடந்தது. ஓரத்தைக் கத்தியால் சீவி எடுத்த தடம். பக்கத்தில் முட்டை அளவில் ஒரு கூழாங்கல். கோப்பையில் மிச்சமிருந்த கோக்கோவைத் தனி புட்டியில் ஊற்றிக்கொண்டாள்.

பெனினாவின் சாற்றுப் பானையையும் எடுத்துவிட்டால் வேலை முடியும், வீட்டுக்குப் போகலாம். ஆனால் கொட்டகைக்குப் பின்னால் இருட்டத் தொடங்கிய கழிப்பறைப் பக்கம் எதையோ மிதித்துவிட்டாள். கணுக்கால் தீப்பற்றியதுபோல எரிந்தது.

எறும்பு. ஒன்றல்ல, பட்டாளம். கழிப்பறைச் சுவரில் ஏறி, உள்ளே போய், ராத்திரி லூபே எழுந்து சிறுநீர் கழிக்க வைத்திருந்த தகர வாளியின் விளிம்பெல்லாம் கறுப்பாக மொய்த்துக் கிடந்தது.

"ஐயோ, அது மாசக்கணக்கா இருக்கு," என்றாள் எசேதா வாசலிலிருந்து. "நான்கூடக் கேட்டேன், ஏண்டி லூபே, கழிப்பறையில ஒளிஞ்சிருந்து கேக்கு திங்கிறியான்னு. அவ அழுதுட்டா. ஆண்டவர்மேல ஆணையா ஒரு துளி சீனி தொடலன்னா."

மதலேனா குனிந்தபடியே நின்றாள். சீனி தின்னாதவள். ரத்தத்தில் சீனி ஏறாதவள். அவள் வாளிக்கு எறும்பு எதற்கு வருகிறது?

அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த ஊர், சார்ஜண்டுக்கும் ஆவி பிடித்துவிட்டதென்று கதவில்லாத வீடுகளின் பாய்த்திரைகளை இறக்கியது. மதலேனா முதலில் தன் வீட்டுக் கழிப்பறைக்குப் போனாள். டார்ச்சை அடித்து, மண்டியிட்டு, மூலை மூலையாகப் பார்த்தாள். எறும்பு இல்லை. தரையில் உட்கார்ந்து சற்று நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு பெனினா வீடு, அங்கும் இல்லை. மாவு தொடாத பெண்கள் இன்னும் சிலர் வீடு, எங்கும் இல்லை. அதில் ஒரு வீட்டுப் பெரியவர், தன் கழிப்பறையைப் போலீஸ் சோதனை போடுகிற நாளும் வந்துவிட்டதே என்று அழுதார்.

நிலையத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தாள்.

"டாக்டர், ஒரே கேள்வி. சீனியை மூத்திரத்துல இறக்கிவிடற மாத்திரைன்னு ஏதாவது இருக்கா?"

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம்.

"டாக்டர்?"

"இருக்கு. புதுசு. நல்ல மருந்துதான். இங்க நாங்க யாருக்கும் எழுதறதில்ல. வெளிநாட்டுல நிறையப் பேர் சாப்பிடறாங்க. ஆனா அதைச் சாப்பிட்டுக்கிட்டு மாவையும் நிறுத்திட்டா..." குரல் தேய்ந்தது. "கடவுளே."

"சொல்லுங்க."

"சீனி பூரா கீழே போயிடும். உடம்பு பட்டினின்னு நினைச்சுக் கொழுப்பை வாரி வாரி எரிக்கும். சீனி நோய்க்காரங்களுக்குக் கடிவாளம் ஏற்கெனவே தளர்ந்தது. அமிலம் ஏறிக்கிட்டே போகும். ஆனா ரத்தத்துல சீனி மட்டும் ஒழுங்கா காட்டும். நான் ஒன்பதைப் பாத்துட்டு... சீனி நோய்க்குச் சீனிதானே ஏறணும்னு... ஃபெதூ! ஃபெதூ! கொழுப்பு எரிஞ்ச அமிலத்தைப் பாக்கற அந்தப் பட்டை எங்க?"

தொலைபேசி தொங்கவிடப்பட்ட சத்தம். தூரத்தில் காலடிகள். மதலேனா காதிலிருந்து எடுக்காமலே நின்றாள்.

சனி, பிற்பகல். ஊர்ச் சபை.

தூணுக்கு ஒரு குடும்பத் தலைவராகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பெனினா, அப்பாவின் கல்லறைமேல் போட்டிருந்த பாசிமணி மாலையை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தாள். மண்ணெண்ணெய்த் தகரங்கள் அவளுக்குக் கொஞ்சம் கிட்டே வந்திருந்தன. சூரியன் தென்னைகளின் தலைக்கு இறங்கிவிட்டது. சங்கு ஊதும் பையன் சங்கோடு தயாராக இருந்தான்.

மதலேனா வந்து ஓரத்தில் உட்கார்ந்தாள். கையில் பொட்டலம்.

"தலைவரே, சபைக்கு முன்னால ஒரு உபசாரம். மூப்பர் போடற கோக்கோ ஊர்ல பேர் போனது. ஒரு கோப்பை போடச் சொல்லுங்க. கட்டி, கல்லு, கத்தி எல்லாம் அவர் கொட்டகையிலேர்ந்தே கொண்டுவந்திருக்கேன். வெந்நீர் அடுப்புல இருக்கு."

"இது என்ன கூத்து?" என்றார் தௌலேலே.

"சின்ன கூத்துதான்."

மூப்பர் தயங்கினார். எல்லோரும் பார்த்தார்கள். கோக்கோக் கட்டியை எடுத்தார். கத்தியால் ஓரத்தைச் சீவினார்; கறுப்புத் துருவல் கோப்பையில் உதிர்ந்தது. வெந்நீரை ஊற்றிக் கலக்கினார். கல்லைத் தொடவே இல்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் மதலேனா.

"அவ்வளவுதான்."

"அப்ப தினமும் விடியக்காலையில எதை இடிச்சீங்க, மூப்பரே?"

கோக்கோக் கொட்டையை வறுத்து இடிப்பது கட்டி பிடிப்பதற்கு முன்னால். கட்டி பிடித்தபின் சீவிப் போடுவதுதான் வழக்கம். அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் அது பால்குடி மறந்த நாளிலிருந்து தெரியும். எசேதாவுக்கும் தெரியும். டொக்கு டொக்கென்ற சத்தத்தை மாதக்கணக்கில் கேட்டும் யாருக்கும் அது உறைக்கவில்லை. நல்ல புருஷன் என்ற ஒரே வார்த்தை எல்லோர் காதையும் அடைத்திருந்தது.

"லூபேயைச் சாய்ச்சது மீன் சாறு இல்ல," என்றாள் மதலேனா. "ஆவியும் இல்ல. மாவை விட்டதுனால மட்டும் இல்ல. நானும் விட்டிருக்கேன், உயிரோட உக்காந்திருக்கேன். சீனியை மூத்திரத்துல இறக்கற மாத்திரை. அந்த மாத்திரையைக் கசப்புக் கோக்கோவுல பொடி பண்ணிக் குடுத்திருக்காங்க. மாவும் இல்லாம, மாத்திரையும் சேர்ந்ததுதான் விஷமாச்சு. அந்த மாத்திரை இந்தத் தீவுல யாரும் தர்றதில்ல. ஆக்லாந்துல சீனி நோயோட இருக்கிற அண்ணன் உங்களுக்கு மட்டும்தான். அவர் பேச்சை நேத்து நீங்களே எடுத்துக் குடுத்தீங்க. பொண்டாட்டி கண்ணு தொறக்கல, நீங்க சீனி ஒன்பதுன்னு கேட்டுட்டு ஸ்தோத்திரம் சொன்னீங்க. மருந்து வேலை செஞ்சுருச்சு, தப்பு மாத்திரைமேல இல்லன்னு சந்தோஷம்."

மூப்பரின் கையிலிருந்த கோப்பை பாயில் சரிந்தது.

"அவ மாத்திரையெல்லாம் கடல்ல வீசிட்டா," என்றார், மிக மெல்லிய குரலில். "பெனினா சொன்னான்னு. எங்க மாமியாருக்கு இதே நோயிலதான் மொதல்ல விரலை எடுத்தாங்க, அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால். கண்ணும் போச்சு. நான்தான் தூக்கிக் குளிப்பாட்டினேன். இவளையும் அப்படித் தூக்கணுமான்னு... பயந்தேன். அண்ணன் கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப வெச்சுட்டுப் போன மாத்திரை. சொன்னா குடிக்கமாட்டா. அதான் பொடி பண்ணி..."

"அது பயம். புரியுது. அதுக்காக உங்களைக் கொலைகாரர்னு சொல்லல." மதலேனாவின் குரல் இறுகியது. "மாத்திரைப் புட்டி இப்ப எங்க?"

மூப்பர் பாயில் சிந்திய கோக்கோவைக் கையால் துடைத்தார்.

"கடல்ல. நேத்து காலையில."

"பெனினா வீட்டு முன்னால வந்து கத்தறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

மூப்பர் தலை குனிந்துகொண்டார்.

"முன்னால," என்றாள் மதலேனா, அவருக்காக. "டாக்டர்கிட்ட அந்தப் புட்டியைக் காட்டியிருந்தா லூபே நேத்தே கண்ணைத் தொறந்திருப்பா. காட்டாம, இன்னொருத்தி வீட்டை எரிக்கத் தகரம் அனுப்பினீங்க. அதுதான் குத்தம்."

வெளியே, சொல்லாமலே, தகரங்கள் இரண்டும் வேலிக்குப் பின்னால் மறைந்தன.

"லூபே?" என்றார் தௌலேலே.

"சீனித் தண்ணியையும் இன்சுலினையும் ஒண்ணா ஏத்தியிருக்காங்க. மதியம் கண்ணைத் தொறந்தா. தொறந்ததும் பாட்டுப் பயிற்சிக்கு யாரு வந்தீங்கன்னு கேட்டாளாம்."

சங்கு ஊதியது. வழக்கமான சங்குதான். யாரும் யாரையும் வெளியேற்றவில்லை.

திங்கட்கிழமை விடிந்தபோது பெனினாவின் முற்றத்தில் ஓர் ஆள் முழந்தாளிட்டுக் குனிந்திருந்தார். தலையிலிருந்து கால்வரை மெல்லிய பழம்பாய் போர்த்தியிருந்தது. யாரென்று கேட்கத் தேவையில்லை. ஊர் வழக்கப்படி, போர்த்தியவரின் பாயை வீட்டுக்காரர் விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால் அவர் கதி வீட்டுக்காரர் கையில். வெயில் ஏறியது. பெனினா முட்டை வேகவைத்தாள். தின்றாள். பாத்திரம் கழுவினாள். முற்றத்தைக் கூட்டினாள், பாயைச் சுற்றி மட்டும் விட்டுக் கூட்டினாள். வேலியோரத்தில் எசேதாவுக்குக் காலே மரத்துப்போனது. நண்பகலுக்கு அருகே பெனினா நடந்துவந்து, பாயின் ஓரத்தைப் பிடித்தாள்.

"மாத்திரை வேண்டாம்னு நான் சொன்னதும் உண்மைதான்," என்றாள். "டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்துன்னு சொல்லியிருக்கணும். எழுந்திரு, மூப்பரே. முதுகு வெந்துபோயிரும்."

பாயை விலக்கினாள்.

ஊர்ச் சபை, இயோசேஃபாவுக்குப் பன்றிகளும் மீன் டின் பெட்டிகளும் அபராதம் போட்டது. மூப்பர் பதவியும் போனது. லூபே வழக்குப் போட மறுத்துவிட்டு, அடுத்த விமானத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு ஆக்லாந்துக்கு, அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே சமையலறைக்குள் நுழைய அவருக்கு அனுமதியில்லை என்று கேள்வி. டாக்டர் ஃபலானிகோ நர்ஸ் ஃபெதூவைக் கட்டிக்கொண்டு தலைநகருக்கு மாறுதல் வாங்கினார். கல்யாண விருந்தில் இரண்டு பேரும் கேக்கைப் பற்றிக் கடைசிவரை வாதாடினார்களாம். பெனினா அடுத்த ஆண்டு சவாய்யித் தீவுக்குப் போனாள். துரத்தியபோது நகராதவளை, போகாதே என்று ஊரே படகுத்துறையில் நின்று கெஞ்சியது. அங்கே அவள் கட்டிக்கொண்டது ஒரு ரொட்டிக் கடைக்காரரை. காலையில் அவர் கடையில் கூட்டம், சாயங்காலம் அவள் வீட்டில் கூட்டம். இரண்டு இடத்திலும் அதே பெண்கள்தான்.